மறதி நோயில் மூளையின் வலைப்பின்னல் எப்படி மாறுகிறது? மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டு இப்போது நீலகிரி மலையில் கோத்தகிரியில் இருக்கிறேன். வீட்டில் டிமென்ஷியா நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் குன்னூர், கூடலூர் பக்கத்திலிருந்தெல்லாம் ரிப்போர்ட்டும் கையுமாக வருவார்கள். டாக்டரிடம் கேட்க நேரம் கிடைத்திருக்காது, அல்லது கேட்கத் தயக்கமாக இருந்திருக்கும். சுற்றிச் சுற்றி வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாதீர்கள்.

1. வயசானா மறதி வரத்தானே செய்யும்? இதுல நோய்னு தனியா என்ன இருக்கு?

ரேஷன் கார்டை எங்கே வைத்தோம் என்று வீட்டைப் புரட்டுவது வயசு. காலமெல்லாம் வைத்த ரசத்தில் எதற்கு அப்புறம் எது என்று அடுப்பு முன்னால் திகைத்து நிற்பது வேறு. நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வந்த பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. மீதி 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இல்லை. வயசு மட்டும்தான் காரணம் என்றால் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டுமே.

ஒன்று மட்டும்: பி12 குறைவு, தைராய்டு குறைவு, மன அழுத்தம் இந்த மூன்றும் அச்சு அசல் இதே மாதிரி காட்டும். இவற்றைச் சரிசெய்ய முடியும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் யாரும் "டிமென்ஷியாதான்" என்று சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடாதீர்கள், அந்தப் பரிசோதனையைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. மூளைக்குள்ள நெட்வொர்க்னு சொல்றீங்களே, அது என்ன?

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. எந்த வேலையையும் ஓர் இடம் தனியாகச் செய்வதில்லை. பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கே பார்வை, முகம், நினைவு, பேச்சு என்று தூரத்தூரமாக இருக்கும் பகுதிகள் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள வேண்டும். இப்படிச் செயல்பாடு சேர்ந்தாற்போல் ஏறி இறங்கும் பகுதிகளின் கூட்டத்தைத்தான் நெட்வொர்க், வலைப்பின்னல் என்கிறார்கள்.

நம் மலைச் சாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பர்லியார், குன்னூர் வழியாக ஒரு சாலை. கோத்தகிரி வழியாக இன்னொன்று. குன்னூர் பஸ் ஸ்டாண்ட் மாதிரி பல வழிகள் கூடும் சந்திகள் மூளையிலும் உண்டு. ஒரு கிளைச் சாலை போனால் ஓர் ஊருக்குத்தான் கஷ்டம். சந்தி போனால் மலைக்கே கஷ்டம். பின்னால் வரும் பதில்களில் இந்தச் சாலைகளுக்குத் திரும்பி வருவேன்.

3. சும்மா உட்கார்ந்திருந்தா மூளை ரெஸ்ட்தானே எடுக்கும்?

எடுக்காது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. கணக்குப் போட்டாலும் சரி, ஜன்னலில் வெறித்துப் பார்த்தாலும் சரி, அந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை.

1995-இல் அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த பரத் பிஸ்வால், ஸ்கேனில் அசையாமல் படுத்திருப்பவர்களின் மூளையிலும் இடக்கை, வலக்கையை அசைக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்து மெதுவாக ஏறி இறங்குவதைக் காட்டினார். 2001-இல் மார்கஸ் ரெய்க்கல் குழு, சும்மா இருக்கும்போதே மும்முரமாக ஓடும் ஒரு கூட்டத்துக்கு டீஃபால்ட் மோட் என்று பெயர் வைத்தது. நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதி, பின்தலைக்குக் கொஞ்சம் மேலே உள்புறம், காதுக்கு மேல் பின்பக்கம், கூடவே நினைவுக்கான ஹிப்போகாம்பஸ். பழசை நினைப்பது, நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பது, "நான்" என்ற உணர்வு எல்லாம் இங்கேதான் ஓடுகின்றன. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் முதலில் கை வைப்பதும் இந்தக் கூட்டத்தில்தான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், வீட்டில் நடப்பது பாதி புரிந்துவிடும்.

4. எங்க ஆரம்பிக்குது? போன வருஷம் விழுந்தாங்க, அதுலதான் வந்துச்சுங்கறாங்க.

அல்சைமர் என்றால், விழுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்கும். அமைலாய்டு என்ற புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே படிய ஆரம்பிப்பது, மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருஷம் முன்பு. டௌ என்ற இன்னொரு புரதம் நரம்பணுவுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும். இந்த இரண்டையும் 1906-இலேயே நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னவர் அலோயிஸ் அல்சைமர். டௌ பரவும் வரிசையை 1991-இல் பிராக் தம்பதியர் வகுத்தார்கள்: முதலில் பொட்டுப் பக்கம் உள்ளே, ஹிப்போகாம்பஸின் வாசலில். பிறகு ஹிப்போகாம்பஸ். அதன் பிறகு மேல் பரப்பு. பார்வை, கேட்பது, தொடுகை, கை கால் அசைவுக்கான பகுதிகள் கடைசியில்.

விழுந்தது நோயைக் கொண்டுவந்திருக்காது, ஆனால் மறைந்திருந்ததை வெளியே காட்டியிருக்கலாம். தலையில் அடிபட்டிருந்தால் மண்டை ஓட்டுக்குள் மெல்ல ரத்தம் கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. விழுந்து சில வாரங்களில் மறதி கூடினால் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

5. ஆரம்பத்துல மூளை அதிகமா வேலை செய்யுதுன்னு டாக்டர் சொன்னாரு. மறதிக்காரருக்கு எப்படிங்க அதிகமா வேலை செய்யும்?

நல்ல கேள்வி, பலரும் நம்பாத பதில். லேசான மறதி இருப்பவரை ஸ்கேனில் படுக்கவைத்து எதையாவது நினைவில் வைக்கச் சொன்னால், ஹிப்போகாம்பஸ் அதே வயதில் நன்றாக இருப்பவரைவிட அதிகமாக வேலை செய்து ஒளிர்கிறது. நோய் முற்றினால் அதுவே மங்கிவிடுகிறது. ஏறி, பிறகு விழுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் என்ன நடக்கும்? வண்டிகள் எல்லாம் கோத்தகிரி வழியாகத் திரும்பும். அன்றைக்குக் கோத்தகிரி ரோட்டை மட்டும் பார்ப்பவனுக்கு, மலையில் போக்குவரத்து அமோகம் என்று தோன்றும். உண்மையில் ஒரு வழி செத்ததால் இன்னொரு வழி திணறுகிறது. மூளையிலும் பின்பக்கத்துச் சந்தி தளர்ந்ததும் அதன் சுமை முன்பக்கத்துக்கும் மற்ற சந்திகளுக்கும் போகிறது. கொஞ்ச காலம் வண்டி ஓடும், வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதிகச் சுமை தாங்கும் சந்திகளும் பிறகு ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. சந்திக்குச் சந்தி சரிவு பரவுகிறது என்று இதைப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. என் அனுபவத்துக்கு ரொம்பப் பொருந்தும் விளக்கம் அது.

இந்தக் கூடுதல் வேலை நல்லதா கெட்டதா என்றால், இரண்டும் கலந்தது. சமாளிப்பும் இருக்கிறது, அடக்க முடியாத நரம்பணுக்களின் கூச்சலும் இருக்கிறது. சிலருக்கு அது வெளியே தெரியாத சின்ன வலிப்பாகக்கூட மாறுகிறது.

6. காலையில சாப்பிட்டது மறக்குது, கண்டியில இருந்த லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல) யார் யார் குடியிருந்தாங்கன்னு வரிசையா சொல்றாங்க. அம்மாயி நடிக்கிறாங்களா?

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து, மண்டபம் கேம்ப் வழியாக மலையேறி, டேன்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். ஒரு பாட்டி, எதிரில் உட்கார்ந்திருந்த பேரனை "தம்பி, நீங்க எந்தக் கங்காணி வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். கங்காணி என்றால் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் மேஸ்திரி. மரியாதையாகத்தான் கேட்டார்.

நடிப்பு இல்லை. புது நினைவைப் பதிக்க ஹிப்போகாம்பஸ் வேண்டும், 4-ஆம் பதிலில் சொன்னபடி ஆரம்பத்திலேயே அடிபடுவது அதுவும் அதன் வாசலும்தான். காலையில் சாப்பிட்ட இட்லி மறக்கவில்லை, பதியவே இல்லை. பல வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய நினைவுகள் மூளையின் மேல் பரப்பெங்கும் பரவி வேர்விட்டவை. அங்கே நோய் போய்ச் சேரத் தாமதமாகும்.

கை பழகிய வேலைகள் இன்னும் கெட்டி. அவை ஓடுவது மூளையின் அடியில் வேறு வலைப்பின்னலில். அதே பாட்டியிடம் ஒரு தேயிலைக் கிளையை நீட்டினோம். பேச்சை நிறுத்தாமலேயே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய் இரண்டு இலை ஒரு கொழுந்தை நுள்ளி எடுத்தன. முற்றிய கரட்டு இலையை விரல் தொடவே இல்லை. பிறகு இடது தோளுக்குப் பின்னால் கை போனது, கூடையைத் தேடி.

7. ஈஈஜி எடுக்கச் சொன்னாங்க. அது ஃபிட்ஸுக்கு எடுக்கறதுதானே?

வலிப்புக்குத்தான் பெரும்பாலும் எடுப்போம். மறதிக்கும் அதில் பார்க்க விஷயம் இருக்கிறது, என் பிழைப்பு அது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்வோம். 21 இடத்தில் பேஸ்ட் தடவி எலக்ட்ரோடு வைப்போம். வலி இல்லை, ஷாக் இல்லை. மூளையிலிருந்து வருவதைக் கேட்கிறோம், உள்ளே எதையும் அனுப்புவதில்லை.

"கண்ணை மூடுங்க" என்று சொன்னதும் பின்தலை எலக்ட்ரோடுகளில் விநாடிக்கு 8 முதல் 13 தடவை வரும் அழகான அலை கிளம்ப வேண்டும். இது ஆல்ஃபா. கண்ணைத் திறந்தால் அமுங்கிவிடும். 1929-இல் ஹான்ஸ் பெர்கர் தன் முதல் ஈஈஜி கட்டுரையிலேயே விவரித்த அலை இது. அல்சைமர் முற்ற முற்ற இது 8-க்குக் கீழே, 7, 6 என்று இறங்கும். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தீட்டா, டெல்டா என்ற மெது அலைகள் பரவும். ஒரே ஆளுக்கு இரண்டு வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்தால் அந்தத் தளர்ச்சி கண்ணுக்கே தெரியும். ஆனால் ஆரம்பத்தில் ஈஈஜி முற்றிலும் நார்மலாக இருக்கலாம். தூக்க மாத்திரை சாப்பிட்டாலும் அலை மாறும், அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.

8. எம்ஆர்ஐல "வயதுக்கேற்ற சுருக்கம்"னு மட்டும் போட்டிருக்கு. அப்ப ஒண்ணுமில்லையா?

அப்படி முடிவுகட்ட முடியாது. கோவையில் எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐ கட்டடத்தைக் காட்டும், அதற்குள் நடக்கும் பேச்சைக் காட்டாது. பேச்சைக் காட்டும் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. ஆனால் பல பேரின் சராசரியை வைத்துத்தான் அது உறுதியாகப் பேசும். ஒரு தனி ஆளுக்கு நோய் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல இன்றைக்கு அதை யாரும் நம்புவதில்லை. காசு கட்டி அதை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

எம்ஆர்ஐ எதற்கு என்றால் கட்டி, ரத்தக் கசிவு, அடைப்பு, மூளையில் நீர் கோத்திருப்பது இவை இல்லை என்று உறுதிசெய்ய.

9. எங்கப்பாவுக்கு மறதியே இல்லீங்க. குணம்தான் மாறிப்போச்சு. இதுவும் டிமென்ஷியாவா?

இருக்கலாம். எந்த நோய் எந்த வலைப்பின்னலைத் தாக்குகிறது என்பதில்தான் வித்தியாசம். அல்சைமர் 3-இல் சொன்ன கூட்டத்தைத் தாக்குகிறது. முன்மூளை டிமென்ஷியாவில் அடிபடுவது வேறொன்று: எது முக்கியம், எதிரே இருப்பவர் முகம் ஏன் வாடுகிறது, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நமக்குள் மணியடிக்கும் சேலியன்ஸ் நெட்வொர்க். மணி அடிக்காததால்தான் சாவு வீட்டில் சிரிப்பு, கடையில் காசு கொடுக்காமல் எடுப்பது, ஒரே இனிப்பை அள்ளித் தின்பது. 65 வயதுக்கு முன்பே வருவது அதிகம். குடி, கெட்ட சகவாசம், செய்வினை என்று ஊர் என்னென்னவோ சொல்லும். வேலை போய், சொத்து எழுதிக்கொடுத்த பிறகே பலர் டாக்டரிடம் போகிறார்கள்.

ரத்தக்குழாய் அடைப்பால் வருவது படிக்கட்டில் இறங்குவதுபோல் தடால் தடாலென்று இறங்கும். அதில் அறுபடுவது இணைப்புச் சாலைகள், அதனால் மறதியைவிட மந்தம்தான் முதலில் தெரியும். லூயி பாடி என்ற இன்னொரு வகை டிமென்ஷியாவில் இல்லாத ஆட்கள், குழந்தைகள் தெரிவார்கள், நடை தளரும், தூக்கத்தில் கத்துவார்கள், கை கால் வீசுவார்கள். இந்த வகைக்காரருக்கு ரகளையை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுத்தால் உடம்பு கட்டைபோல் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். சந்தேகம் இருந்தால் எந்த அவசரப் பிரிவிலும் இதை முதலில் சொல்லுங்கள்.

10. நேத்து நல்லாத்தான் பேசினாரு. இன்னிக்கு என்னையே யாருங்கறாரு. ஒரே ராத்திரியில இவ்வளவு மோசமாகுமா?

வலைப்பின்னல் இப்படி ஒரே ராத்திரியில் நொறுங்காது. 5-இல் சொன்னதுபோல் ஏற்கெனவே திணறும் சாலையில் இன்னொரு லாரி நின்றிருக்கிறது: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், சோடியம் குறைவு, புது மாத்திரை. இதற்கு டெலிரியம் என்று பெயர், அவசர சிகிச்சை வேண்டும், காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் பழைய நிலை பக்கம் வருவார். காய்ச்சல் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் இருக்கும்.

லூயி பாடியில் மட்டும் காலையில் தெளிவு, மத்தியானம் குழப்பம் என்று மாறுவதே நோயின் இயல்பு. ஈஈஜியில் அலைகளும் அதேபோல ஏறி இறங்கும்.

11. சாயங்காலம் மஞ்சு (மூடுபனி) இறங்குனா "வீட்டுக்குப் போறேன்"னு கிளம்பிடறாங்க. வீட்டுலதானே இருக்காங்க!

நாள் முழுக்க ஓடி மூளை களைத்த நேரம். இரவு பகலைச் சொல்லும் உள்கடிகாரமும் தளர்ந்திருக்கிறது. கண்ணிலிருந்து வரும் தகவல்தான் கடைசிப் பிடிமானம், அதையும் மஞ்சு மூடிவிடுகிறது. மலையில் மூன்றரை மணிக்கே அறை இருட்டிவிடும் நாள் உண்டு, அதனால் சமவெளியில் ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் ரகளை இங்கே முன்னாலேயே ஆரம்பிக்கும். மூன்று மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள், ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் நிழலையே வேற்றாள் என்று பயப்படுவார்கள். காலை வெயிலில் அரை மணி நேரம் உட்காரவைத்தால் கடிகாரம் கொஞ்சம் சரியாகும்.

"இதுதான் வீடு" என்று வாதாடிப் பயனில்லை. "வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டு, பேசிக்கொண்டே டீ கொடுங்கள். தாழ்ப்பாளை அவர் கண்ணுக்குப் படாத உயரத்தில் போடுங்கள். கரடியும் காட்டெருமையும் தேயிலைக்குள் இறங்கும் நேரமும் அதுதான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

12. அத்தை இப்ப படுக பாஷையில மட்டும்தான் பேசறாங்க. ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க, தமிழும் இங்கிலீஷும் எங்க போச்சு?

முதலில் கற்ற மொழி ஆழமாக, பரவலாகப் பதிந்தது. பின்னால் கற்றவற்றைப் பேச, முதல் மொழியை அடக்கி வைக்கும் கட்டுப்பாடும் வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டு வலைப்பின்னல் தளரும்போது தாய்மொழி மேலே வந்துவிடுகிறது. மருமகளுக்குப் படுக பாஷை தெரியாவிட்டால், சாப்பாடு, தண்ணீர், வலி, கழிப்பறை இந்த நாலு சொல்லையாவது கற்றுக்கொள்ள வேண்டும். அத்தையைத் தமிழில் பேசவைக்க முயல்வது வீண்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சுவர்ணா அல்லாடி குழு ஹைதராபாத்தில் 648 நோயாளிகளைப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாக வெளிப்பட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. சந்தைக்குப் போனாலே மூன்று பாஷை பேசும் ஊர் நம்முடையது.

13. மலையில ஆக்சிஜன் கம்மி, அதனாலதான் மறதியா? கீழ கூட்டிட்டுப் போயிடலாமா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. ஆரோக்கியமான நுரையீரல் அதைச் சமாளித்து ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 90 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும். பழகியவர்களுக்கு இந்த உயரம் டிமென்ஷியாவைக் கொண்டுவருவதில்லை. நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்க வேண்டும். பழகிய வீட்டை மாற்றினால் குழப்பம் கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நிஜ ஆபத்து மூடிய அறையில் கரி அடுப்பு. கார்பன் மோனாக்சைடு ஒரே ராத்திரியில் உயிரை எடுக்கும், பிழைத்தவருக்கும் சில வாரம் கழித்து மறதியும் நடைத் தடுமாற்றமும் வரலாம்.

14. மாத்திரை அந்த நெட்வொர்க்கைச் சரி பண்ணுமா?

பண்ணாது. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் என்ற மறதி மருந்துகள், நரம்பணுக்களுக்கு இடையே செய்தி சொல்லும் வேதித் தூது கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்க உதவும், சிலருக்குக் கவனம் தெளியும். நாடித் துடிப்பு குறையலாம், தலைசுற்றினால் உடனே சொல்லுங்கள். அமைலாய்டைக் கழுவும் லெக்கனமாப் 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. ஒன்றரை வருஷ ஆய்வில் சரிவு 27 சதவீதம் மெதுவானது, நிற்கவில்லை. ஆரம்பக் கட்டத்தினருக்கு மட்டும் தருவது, மூளை வீக்கம், கசிவு வருகிறதா என்று அடிக்கடி எம்ஆர்ஐ பார்க்க வேண்டும். நிலத்தை விற்று அதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். முற்றிய நோய்க்கு அது பயன்படாது.

15. கடைசியில நாம பேசறது அவங்களுக்குக் கேக்குமா?

ஒலியை வாங்கும் பகுதி, தொடுகையை வாங்கும் பகுதி இரண்டும் கடைசிவரை ஓரளவு நிற்கும், 4-இல் சொன்ன வரிசைப்படி. வார்த்தையின் பொருள் போய்ச் சேராமல் இருக்கலாம், குரலின் தொனி போய்ச் சேரும். அதட்டினால் முகம் சுருங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

16. அம்மாவுக்கு வந்தா எனக்கும் வருமா? இப்பவே டெஸ்ட் எடுத்துடலாமா?

ஏபிஓஇ-4 என்ற மரபணு இருந்தால் வாய்ப்புக் கூடும். இருந்தும் வராதவர்கள், இல்லாமலும் வந்தவர்கள் ஏராளம். நேரடியாக அடுத்த தலைமுறைக்கு இறங்கும் வகை அரிது, நாற்பது ஐம்பது வயதிலேயே ஆரம்பிக்கும். அப்படிக் குடும்பத்தில் இருந்தால் மட்டும் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

2024-இல் லான்செட் ஆணையம் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலக அளவில் 45 சதவீதம் டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. டெஸ்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் காதைச் சோதியுங்கள். காது மந்தம் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது, கண்ணாடி போடுபவர்கள்கூட காது மெஷின் போட வெட்கப்படுகிறார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. டப்பாவில் சேர்த்து வைக்காமல் சாப்பிடுங்கள். செல்போன் மூளைப் பயிற்சி ஆப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்: அந்த விளையாட்டில் கெட்டிக்காரராவீர்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.